கிள்ளான் ஆற்றங்கரைச் சங்கங்கள் – 14: தோள் கொடுக்கத் தடை வந்த காலம்

சென்ற அத்தியாயத்தை 1960-இல் நிறுத்தியிருந்தோம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பால்மரத் தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டிய கதை அது. வரிசைப்படி இனி எழுபதுகளுக்குள் நுழைய வேண்டும். ஆனால் இந்தத் தொடரில் வரும் சிறிய சங்கங்கள் எதற்காகப் பிறந்தன, எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை எல்லோர் கண்ணெதிரிலும் சோதித்துப் பார்த்த காலம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டால் எழுபதுகளின் கதை எளிதில் விளங்கும். எனவே அறுபது ஆண்டுகளைத் தாண்டி 2020-க்குப் போவோம்.

சாவு வீட்டில் பிறந்த சங்கங்கள்

அதற்கு முன் ஒரு பழைய கணக்கு. சிலாங்கூர் தோட்டங்களில் தமிழர்கள் தாமாகக் கூடி நடத்திய அமைப்புகளுள் பல, சாவைச் சுற்றி எழுந்தவை. ஊரில் ஒருவர் இறந்தால் பங்காளிகள் உண்டு, மாமன் மச்சான் உண்டு, வெட்டியான் உண்டு. கங்காணியோடு கப்பலேறி வந்தவனுக்கு லயம் என்ற வரிசை வீட்டில் அடுத்த கதவுக்காரனை விட்டால் ஆள் இல்லை. பெட்டி வாங்க, குழி வெட்ட, தப்படிக்க, பதினாறாம் நாள் காரியம் செய்ய, மறுநாள் அந்த வீட்டில் அடுப்பெரிய யாராவது வேண்டும். மாதச் சம்பள நாளன்று ஆளுக்குக் கொஞ்சம் காசு எடுத்து வைப்பார்கள். யார் கொடுத்தார், யார் பாக்கி என்று ஒரு நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டுதான் சங்கம். தலைவர், செயலாளர், ரப்பர் முத்திரை எல்லாம் பின்னால் சேர்ந்தவை.

நகரத்திலும் இதே தேவைதான். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் குடியிருந்த யாழ்ப்பாணத்து எழுத்தர்களும், தமிழ்நாட்டிலிருந்து வந்து தண்டவாளத்தில் வேலை செய்தவர்களும் ஒரே சங்கத்தில் உட்காரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் ஆளைத் தனியாகப் போகவிடக் கூடாது என்ற பிடிவாதம் இருந்தது. 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம் போன்றவை படிப்புக்கும் வழிபாட்டுக்குமாக வளர்ந்தன. சிறு சங்கங்களோ சந்தா நோட்டையும் பாடையையும் பிடித்துக்கொண்டன. சீனர்களின் கொங்சிகளும் ஊர்ச் சங்கங்களும் இப்படித்தான். கோலாலம்பூரில் குவாங்தோங் இடுகாடு 1895-இலேயே அமைந்துவிட்டது. புலம்பெயர்ந்து வந்த மக்களுக்கு முதல் தேவை அடக்கம் செய்ய ஆள் என்பதை எல்லா இனத்தாரும் அறிந்திருந்தார்கள்.

இதிலிருந்து வேறு வேலைகளும் கிளைத்தன. 1946, 47-இல் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு எதிராக நின்றது. பின்னால் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் வந்தன; நாடகமும் திருக்குறள் போட்டியும் ரத்த தானமும் நடத்தின. என்ன மாறினாலும், உறுப்பினர் வீட்டில் இழவு விழுந்தால் அன்றைய கூட்டம் ரத்தாகும். எல்லோரும் அங்கே போய் நாற்காலி போடுவார்கள். அது எழுதாத விதி.

1918: முதல் சோதனை

இந்த விதியை முதலில் முறித்தது 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா. ஆண்டின் நடுவில் ஒருமுறை லேசாக வந்து போன காய்ச்சல், அக்டோபர், நவம்பரில் கொலைகாரனாகத் திரும்பியது. பிரிட்டிஷ் மலாயாவில் ஏறத்தாழ 35,000 பேர் இறந்ததாகப் பின்னாளைய ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நூற்றுக்கு ஒருவர். அதில் தோட்டத் தமிழர்களின் பங்கு பெரிது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஒரு அறையில் பலர், ஒரே குழாய், ஒரே கழிப்பிடம் என்றிருந்த லயத்தில் காய்ச்சலுக்கு வழி தேட வேண்டியதில்லை. ஒருவன் இருமினால் வரிசை முழுக்கப் படுத்தது.

அங்கே சாவுச் சங்கத்துக்கு நேர்ந்தது எளிய கணக்கு. தூக்க வேண்டியவர்களே படுத்துக் கிடந்தார்கள். நோட்டில் இருந்த காசு ஒன்றிரண்டு சாவுக்குப் போதும். ஒரே மாதத்தில் லயத்துக்கு லயம் விழுந்தால் போதாது. பரஸ்பர உதவி என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் துன்பம் வராது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பெருந்தொற்று அந்த அஸ்திவாரத்தையே பெயர்த்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2020-க்கு வருவோம்.

மார்ச் 18

மலேசியாவில் முதல் கோவிட் தொற்றுகள் 2020 ஜனவரி 25-இல் உறுதியாயின. பிப்ரவரி 8 தைப்பூசத்துக்குப் பத்துமலையில் வழக்கம்போலக் கூட்டம். மார்ச் 17-இல் முதல் இரண்டு மரணங்கள். மறுநாள், மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. கோயில் மூடியது. சங்கங்கள் கூடுவது பெரும்பாலும் கோயில் மண்டபத்தில் என்பதால் சங்கமும் மூடியது போலத்தான். ஏப்ரல் தொடங்கியதும் வீட்டுக்கு ஒருவர், பத்து கிலோமீட்டருக்குள், பொருள் வாங்க மட்டும் வெளியே போகலாம் என்றார்கள். மீறினால் சாலைத் தடுப்பில் போலீஸ்.

தினக்கூலிகளுக்கு அது பட்டினி உத்தரவு. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியவர், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பாத்திரம் கழுவியவர், வேன் ஓட்டியவர், மாலை கட்டியவர் எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு கூட்டமும் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கே இருப்பதால், பார்வையற்றவர்கள் பல்லாண்டுகளாக அந்தப் பேட்டையில் குடியிருந்து மசாஜ் தொழில் செய்கிறார்கள். கையால் தொட்டுச் செய்கிற தொழில். தொடக்கூடாது என்ற காலத்தில் முதலில் மூடிய கடையும் அதுதான், கடைசியில் திறந்ததும் ஏறக்குறைய அதுதான். மளிகைக் கடை வாசலில் ஒரு மீட்டர் தள்ளி நில் என்று தரையில் ஒட்டிய மஞ்சள் கோடு, கைத்தடி பிடித்து நடப்பவருக்கு எந்த உதவியும் செய்யாது.

இங்கேதான் பழைய நோட்டு வேலை செய்தது. எந்த அடுக்குமாடியில் எந்த மாடியில் யார், வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு டயாலிசிஸ் என்பது சங்கச் செயலாளருக்குத் தெரியும். சந்தா வசூலிக்கப் படியேறி இறங்கியவர் அவர். நோட்டு வாட்ஸ்அப் குழுவாக மாறியது. பணம் போட முடிந்தவர் போட்டார். வண்டி வைத்திருந்தவர் வண்டி கொடுத்தார். கொஞ்ச நாளில் பொட்டலத்துக்கு ஒரு வடிவம் கிடைத்துவிட்டது: ஐந்து கிலோ அரிசி, பருப்பு, கோதுமை மாவு, சீனி, தேயிலை, மைலோ, சார்டின் டின், முட்டை, அதோடு மானிய விலையில் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்ற ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட். அந்தப் பாக்கெட்டைக் கடைக்காரர் ஒரு ஆளுக்கு இத்தனைதான் என்று எண்ணிக் கொடுப்பார். நூறு பொட்டலம் கட்ட வேண்டுமானால் பத்துக் கடை ஏற வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பால்மாவும் பேம்பர்ஸும் வேறு. செலவில் பெரும்பகுதியை விழுங்கியது இந்த இரண்டும்தான்.

கொடுக்கும் முறையும் மாறியது. கதவு வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போய் நின்று, “அம்மா, சாமான் வாசல்ல இருக்கு, நாங்க போனதும் எடுத்துக்குங்க” என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே வராதே என்று சொல்லிப் பழக்கமில்லாத வீடுகள் அவை. உள்ளே போகாமல் இருக்கப் பழகியதுதான் தொண்டர்கள் முதலில் கற்ற பாடம்.

அரசாங்கத்தோடும் ஒரு உரசல் வந்தது. மார்ச் மாதக் கடைசியில், தன்னார்வ அமைப்புகள் நேரடியாக உணவு வழங்கக் கூடாது, பொருள்களைச் சமூக நல இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும், ரேலா தொண்டர் படையும் ராணுவமும் கொண்டு சேர்க்கும் என்று அறிவித்தார்கள். கூட்டம் சேருமே என்ற பயத்தில் காரணம் இருந்தது. ஆனால் இலாகாவின் பட்டியலில் ஏற்கெனவே உதவித்தொகை பெறுபவர்கள்தான் இருந்தார்கள். நேற்றுவரை சம்பாதித்து இன்று வேலை இழந்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் விதி தளர்ந்தது. காவல் நிலைய அனுமதிக் கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வண்டிகள் ஓடின. எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் இணையத்தில் தொடங்கிய ‘கித்தா ஜாகா கித்தா’ (நம்மை நாமே காப்போம்) என்ற முயற்சி, உதவி கேட்பவரையும் கொடுப்பவரையும் இன, மத வேறுபாடு இல்லாமல் இணைத்தது. சீக்கிய குருத்துவாராக்களின் லங்கர் என்ற பொதுச் சமையல் அடுப்பு அணையாமல் எரிந்து, பொட்டலச் சோறாக மருத்துவமனைகளுக்குப் போனது. ரோட்டரி, லயன்ஸ் சங்கத்தார் பாதுகாப்பு உடைகளும் கருவிகளும் வாங்கித் தந்தார்கள்.

முள்வேலிக்குள் மஸ்ஜித் இந்தியா

ஏப்ரல் 7 அன்று ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரண்டு கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் உள்ளே, பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். துணிக்கடையிலும் உணவகத்திலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் அந்த வட்டாரத்தில் தங்கியிருந்தார்கள். முதலாளி கடையை மூடிவிட்டார், சம்பளம் இல்லை, அறையில் நெருக்கம், வெளியே கம்பி. நூறு ஆண்டுக்கு முந்தைய லயம் மாடிக் கட்டடமாக எழுந்து நின்றது என்று சொல்லலாம்.

மே 1-ஆம் தேதி அதே வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி ஆவணமற்றவர்களைப் பிடித்தபோது தொண்டர்களின் வேலை இன்னும் கடினமானது. உதவி கேட்டு வெளியே வந்தால் பிடிபடுவோம் என்று ஒருவர் பயந்துவிட்டால் அவர் வீட்டு எண்ணைக் கண்டுபிடிக்க எந்த நோட்டும் உதவாது. சுற்றுலா விசாவில் வந்து விமானம் நின்றுபோய்ச் சிக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். கையிருப்புத் தீர்ந்து விடுதியை விட்டு வெளியேறியவர்களுக்கு இங்குள்ள தமிழ், இந்திய அமைப்புகள் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்தன. இந்திய அரசின் ‘வந்தே பாரத்’ திட்டத்தில் திருச்சிக்கு முதல் மீட்பு விமானம் கோலாலம்பூரிலிருந்து மே 9-இல் பறந்தது. அவர்கள் எந்தச் சங்கத்துக்கும் உறுப்பினர் இல்லை. ஆனாலும் விமானம் ஏறும் வரைக்கும் சோறு போய்ச் சேர்ந்தது.

கிள்ளான், ஜூலை 2021

முதல் ஆண்டு பசியின் ஆண்டு. இரண்டாம் ஆண்டு மரணத்தின் ஆண்டு. 2020 நவம்பரில் கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகளில் பெரிய தொற்றுத் திரள் கிளம்பியது. 2021 ஜனவரியில் அவசரகாலம், மீண்டும் கட்டுப்பாடு, பக்தர் கூட்டமில்லாத தைப்பூசம். ஜூன் 1-இல் முழு அடைப்பு. ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் மூச்சுத் திணறியது.

கிள்ளான் மக்கள் ஜி.எச். என்று சொல்லும் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்தது. வெளியே கூடாரம் போட்டார்கள். நாற்காலியிலும் சக்கர நாற்காலியிலும் உட்கார்ந்தபடி ஆக்சிஜன் பிடித்தவர்களின் படங்களை நாடே பார்த்தது. லேசான அறிகுறி உள்ளவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மதிப்பீட்டு மையமாக மாறிய ஷா ஆலம் மலாவத்தி அரங்கத்தில் வெயிலில் நீண்ட வரிசை. அந்த வாரங்களில் சங்கங்களின் பொட்டலத்தில் அரிசியோடு ஆக்சிமீட்டரும் சேர்ந்தது. விரலில் மாட்டி எண்ணைப் படித்து, 95-க்குக் கீழே இறங்கினால் உடனே கூப்பிடச் சொன்னார்கள். ஆக்சிஜன் செறிவூட்டிகளை இரவல் கொடுத்து, ஒருவர் தேறியதும் துடைத்து அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

டயாலிசிஸ் நோயாளிகளின் பாடு தனி. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தொற்று வந்தாலும் நிறுத்த முடியாது. கிள்ளானில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பின் பந்தாய் சிலாங்கூர் பிரிவு நெடுங்காலமாக டயாலிசிஸ் மையங்களை நடத்திவருகிறது. ஜெருசலேமில் யாத்திரிகரைப் பேணிய ஒரு பழைய சகோதரத்துவத்தின் பெயரைத் தாங்கிய அமைப்பு அது. இங்கே அதன் சீருடையில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த அமைப்பின் தொண்டர்கள் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள், தடுப்பூசி மையங்களில் நின்றார்கள். தமிழ்ச் சங்கத்து இளைஞர்கள் மைசெஜாத்தெரா செயலி தெரியாத பாட்டிமாருக்குத் தங்கள் கைப்பேசியில் பெயர் பதிந்து, தேதி வந்ததும் கூட்டிப் போய் ஊசி போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்.

சாவு வந்தபோதுதான் சங்கம் தன் பிறப்புக் காரணத்தையே இழந்து நின்றது. கோவிட்டில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. உடல் பைக்குள் பொதியப்பட்டு, மூடிய பெட்டியில், மருத்துவமனைப் பிணவறையிலிருந்து நேரே மின்சுடலைக்குப் போகும். குளிப்பாட்டுதல் இல்லை. வாய்க்கரிசி இல்லை. உருமி மேளம் இல்லை. மகன் தனிமைப்படுத்தலில் இருந்தால் அவனும் இல்லை. ஒரே வீட்டில் அப்பா இறந்து, அம்மா ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் கதவுக்குள் என்ற நிலை கிள்ளானில் அரிதாக இருக்கவில்லை. நூறு வருஷமாகத் தோள் கொடுக்கவே கூடிய கூட்டத்திடம் தோள் கொடுக்காதே என்றது அந்த நோய்.

அப்போது செய்தவை சின்னச் சின்ன வேலைகள். வெள்ளைப் பாதுகாப்பு உடை மாட்டிக்கொள்ளத் துணிந்த ஓரிருவர் குடும்பத்துக்குப் பதிலாகச் சுடலைக்குப் போனார்கள். பெட்டியின் மேல் மாலை வைத்தார்கள். ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக் காணொலியில் வீட்டுக்குக் காட்டினார். அந்தப் பக்கம் வீட்டில் சிவபுராணம் பாடினார்கள். பெட்டி உள்ளே நகர்ந்ததும் யார் பொத்தானை அழுத்துவது என்று இரண்டு நொடி தயங்கி, மகன் திரையில் தலையசைத்த பிறகு ஒருவர் அழுத்தினார். கொள்ளி வைத்ததாக அதைத்தான் கொள்ள வேண்டும். மறுநாள் அஸ்தியை வாங்கிப் பத்திரப்படுத்தி, தனிமைப்படுத்தல் முடிந்ததும் குடும்பத்திடம் கொடுத்து, போர்ட் கிள்ளானில் படகு பிடித்துக் கரைக்க ஏற்பாடு செய்தார்கள். ஈமச் சடங்கு நிறுவனங்கள் பாதுகாப்பு உடைக்கும் கிருமிநாசினிக்கும் தனிக் கட்டணம் கேட்ட காலம். அந்தக் கட்டணத்தைக் கட்டியதில் பல சங்கங்களின் பல வருஷத்துச் சேமிப்பு சில வாரங்களில் கரைந்தது. 1918-இன் கணக்கு திரும்ப வந்துவிட்டது. இந்த முறை வெளியிலிருந்து நன்கொடை வந்ததால் நோட்டு கிழியவில்லை.

வெள்ளைக் கொடி

இவ்வளவும் பெருமைக்குரியவை. ஆனால் அதே ஜூலையின் இன்னொரு காட்சியைச் சொல்லாமல் விட்டால் இது வரலாறாகாது, பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

2021-இன் முதல் ஐந்து மாதங்களில் 468 பேர் தற்கொலை செய்துகொண்டதாகப் போலீஸ் கணக்குச் சொன்னது. முந்தைய ஆண்டு முழுவதற்கும் 631. ஜூன் கடைசியில், கேட்க வெட்கமாக இருந்தால் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், பார்ப்பவர்கள் வருவார்கள் என்ற வேண்டுகோள் சமூக ஊடகங்களில் பரவியது. ‘பெண்டேரா பூத்தே’, வெள்ளைக் கொடி. பி.பி.ஆர். என்ற அரசு மலிவு அடுக்குமாடிகளில், தாமான் வீடுகளில், கிராமங்களில் கொடிகள் தொங்கின. பழைய வேட்டி, தலையணை உறை, பள்ளிச் சட்டை. அக்கம்பக்கத்தார் மதம் பார்க்காமல் கொண்டு வந்து கொடுத்தார்கள். எங்கெங்கே கொடி இருக்கிறது என்று காட்டும் செயலியை மாணவர்கள் எழுதினார்கள்.

அந்தக் கொடிகளில் தமிழர் வீட்டுக் கொடிகளும் இருந்தன. நம் சங்கங்களைச் சுட வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது: இத்தனை சங்கம், இத்தனை கோயில் கமிட்டி, இத்தனை மன்றம் உள்ள வட்டாரத்தில் ஒரு குடும்பம் தெருவைப் பார்த்துத் துணி கட்டும் நிலைக்கு ஏன் வந்தது?

பதில் அந்த நோட்டில்தான் இருக்கிறது. நோட்டில் பெயர் உள்ளவருக்கு அரிசி ஏப்ரல் 2020-லேயே போய்விட்டது. சிலருக்கு மூன்று சங்கத்திலிருந்து மூன்று பொட்டலம். பெயர் இல்லாதவர், சந்தா நின்றுபோனவர், கணவனை விட்டுப் பிரிந்து வேறு வட்டாரத்தில் வாடகைக்கு வந்தவர், அடையாள அட்டைச் சிக்கல் உள்ளவர் எந்தச் செயலாளரின் நினைவிலும் இல்லை. லயத்தில் இப்படி நடக்காது. அங்கே நோட்டு இல்லாவிட்டாலும் அடுத்த அறையில் அடுப்பு எரியவில்லை என்பது தெரிந்துவிடும். பதினேழாவது மாடியில், இரும்புக் கதவுக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்காரர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்றே தெரியாத இடத்தில் அது தெரியாது. புக்கிட் ராஜா தோட்டம் இன்று பண்டார் புக்கிட் ராஜா என்ற நகரம். மரம் போன இடத்தில் வீடு வந்தது. அந்த மரத்தடியில் வாழ்ந்தவர்கள் அதே வீடுகளுக்குள் போகவில்லை, கலைந்து போனார்கள். முகவரி மாறியபோது நோட்டை யாரும் திருத்தவில்லை.

தன்னலமில்லாத தொண்டு நடந்ததில் சந்தேகமில்லை. தொற்று தனக்கும் வரும் என்று தெரிந்தே படியேறியவர்கள் அவர்கள், சிலர் படுத்தார்கள். அவர்கள் துணிச்சலுக்குக் குறையில்லை, விவரத்தில்தான் குறை. சகோதரத்துவம் என்று பெயர் வைத்துக்கொள்ளும் எந்த அமைப்புக்கும் இதுதான் உரைகல்: உறுப்பினர் இல்லாதவர் பசித்தால் உங்களுக்குத் தெரியுமா? பெருந்தொற்றில் மிக நன்றாக வேலை செய்த குழுக்கள், உறுப்பினர் பட்டியலை மூடி வைத்துவிட்டு மாடி மாடியாக, கதவு கதவாகத் தட்டிப் புதுப் பட்டியல் எழுதியவைதான். அவற்றின் வயது பெரும்பாலும் சில மாதங்கள். நூறாண்டுச் சங்கங்கள் அவற்றிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கதவு தட்டும் பழக்கத்தை.

மக்கள் எப்படிக் கலைந்தார்கள், தோட்டத்துச் சங்கங்கள் நகரத்துக்கு வந்தபோது எதைத் தூக்கி வந்தன, எதைப் போட்டுவிட்டு வந்தன என்ற கேள்வியோடு எழுபதுகளுக்குத் திரும்புவோம். அடுத்த அத்தியாயம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறத் தொடங்கிய கதை.

(தொடரும்)